கைப்பேசியில் ஆடுவதும் விளையாட்டா?

கேள்வி: என் மகன் உயர்நிலை 2இல் படிக்கிறான். பள்ளிப் பூப்பந்துக் குழுவில் இருக்கிறான். இப்போது அதை விட்டுவிட்டு, நண்பர்கள் நான்கு பேரோடு சேர்ந்து மொபைல் லெஜண்ட்ஸ் என்ற கைப்பேசி ஆட்டத்தின் போட்டிக்குப் பயிற்சி செய்யப் போகிறேன் என்கிறான். “உட்கார்ந்த இடத்தில் விரலை ஆட்டுவதெல்லாம் விளையாட்டா?” என்று அவன் அப்பா கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். “ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே பதக்கம் கொடுக்கிறார்கள், உங்களுக்குத்தான் தெரியவில்லை” என்று இவன் கத்துகிறான். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருக்குக் கேரம் என்றால் உயிர். வார இறுதியில் புளோக்குக்குக் கீழே நண்பர்களோடு ஆடுவார். மற்றபடி நல்ல மனிதர். யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பொங்கோல், சிங்கப்பூர்

பதில்:

அன்புச் சகோதரி,

‘இது விளையாட்டா’ என்ற கேள்வியில் உங்கள் மகன் சொல்வதுதான் சரி. பூப்பந்தை விடுவது வேறு விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் கணவரின் கேரமிலிருந்தே தொடங்கலாம். கேரமும் உட்கார்ந்த இடத்தில் விரலால் ஆடுவதுதான். ஆனால் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் விரலுக்குப் பின்னால் எத்தனை வருடப் பழக்கம் இருக்கிறது என்பது ஆடுகிறவருக்குத் தெரியும். சென்னைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது நாம் எல்லோரும் கொண்டாடினோம். அதே ஆண்டு டிசம்பரில் இங்கே செந்தோசாவில், 18 வயது குகேஷ் சதுரங்க உலக வெற்றியாளர் ஆனார். டிங் லிரனோடு 14 ஆட்டம் உட்கார்ந்துதான் ஆடினார். அதை விளையாட்டு இல்லை என்று நம் வீட்டில் யாராவது சொன்னோமா? வியர்வையை வைத்து அளந்தால் கேரமும் சதுரங்கமும்தான் முதலில் அடிபடும். இதை உங்கள் கணவரிடம் சண்டையாக இல்லாமல், அவர் கேரம் ஆடிவிட்டு வந்து உட்காரும் ஒரு நல்ல நேரத்தில் சொல்லுங்கள்.

மகன் என்னதான் செய்கிறான் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அணிக்கு ஐந்து பேர். ஆட்டம் தொடங்கும் முன்பே, நூற்றுக்கும் மேற்பட்ட கதாபாத்திரங்களில் எதை எதிரணிக்குக் கிடைக்கவிடாமல் தடுப்பது, எதை நாம் எடுப்பது என்று மாறி மாறித் தேர்வு நடக்கும். ஆட்டத்தின் நடுவில் ‘லார்டு’ என்றொரு பெரிய பூதம் வரும். அதைக் கடைசி அடி அடித்துச் சாய்க்கும் அணிக்காக அது சண்டை போடும். இரண்டு அணியும் சுற்றி நின்று அடித்துக்கொண்டிருக்க, அதன் உயிர் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் கணத்தில் பலத்த ஓர் அடி கொடுக்கும் ‘ரெட்ரிபியூஷன்’ பொத்தானை யார் முந்தி அழுத்துகிறாரோ அவருக்கே அது. கண் இமைக்கும் நேரம் முந்தினால் பூதம் சாகாது, பிந்தினால் எதிரணிக்குப் போய்விடும். அந்த நேரத்தில் மற்ற நால்வர் காதில் கத்திக்கொண்டிருப்பார்கள். மனம் பதறாமல் அதைச் செய்ய ஒரு பிள்ளை பழகுகிறான் என்றால் அதை வெட்டிப்பொழுது என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பதக்கம் பற்றி அவன் சொன்னதும் உண்மை. 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்கு (இ-ஸ்போர்ட்ஸ்) பதக்கம் கொடுத்தார்கள், மொபைல் லெஜண்ட்ஸும் அதில் இருந்தது. 2023இல் சீனாவின் ஹாங்ஸோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் பதக்கம் உண்டு. அங்கே ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ என்ற கணினி ஆட்டத்தில் தங்கம் வென்ற தென்கொரிய அணிக்கு, மற்றத் துறைகளில் தங்கம் வென்றவர்களைப் போலவே கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு கிடைத்தது. பிள்ளையைத் தேசிய சேவைக்கு அனுப்பும் நமக்கு, ஒரு நாடு அப்படிச் செய்வது எவ்வளவு பெரிய அங்கீகாரம் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊரும் சும்மா இல்லை. ஹோ குன் சியான் 2013இல் லாஸ் வேகஸில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ ஆட்டத்தில், சண்டை ஆட்டங்களுக்கான பெரிய உலகப் போட்டியான ஈவோவின் பட்டத்தை வென்றார். 2023 ஜூனில் சன்டெக்கில் நடந்த ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்தில், உடம்பில் உணர்கருவி மாட்டிக்கொண்டு நிஜமாகவே உதைத்து ஆடும் மெய்நிகர் டேக்வாண்டோவில் நம் நைஜல் டான் வென்றார்.

அப்படியானால் உங்கள் கணவரின் பயத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் அவர் இன்னும் சொல்லாத இடத்தில் இருக்கிறது.

பூப்பந்து யாருக்கும் சொந்தமில்லை. இரண்டு மட்டையும் ஒரு பந்தும் இருந்தால் புளோக்குக்குக் கீழே நாளையும் ஆடலாம், இருபது வருடம் கழித்தும் ஆடலாம். மொபைல் லெஜண்ட்ஸ் ஒரு நிறுவனத்தின் சொத்து. எந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு பலம் என்பதை அவர்கள் அவ்வப்போது மாற்றுவார்கள், பழகியது ஒரே நாளில் பயனில்லாமல் போகலாம். அதைவிட மோசமும் நடந்திருக்கிறது. ‘ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம்’ என்ற ஆட்டத்துக்கு உலக அளவில் தொழில்முறைப் போட்டித் தொடர் இருந்தது. 2018 டிசம்பரில் அதை நடத்திய பிளிஸார்ட் நிறுவனம், அடுத்த ஆண்டு தொடர் கிடையாது என்று அறிவித்தது. அதையே பிழைப்பாக வைத்திருந்த ஆட்டக்காரர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் அத்தோடு வேலை போனது. பெரிய அமைப்புகள் கைகொடுக்கும் என்றும் நம்பி உட்கார முடியாது. ஒலிம்பிக் மின்விளையாட்டுப் போட்டியை 2027இல் ரியாத்தில் நடத்துவதாக இருந்த அனைத்துலக ஒலிம்பிக் மன்றமும் சவூதியும் 2025 அக்டோபரில் பிரிந்துவிட்டன. இது விளையாட்டுதான், ஆனால் மைதானத்துக்கு முதலாளி இருக்கிற விளையாட்டு. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். உங்கள் மகனுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 14 வயதுப் பிள்ளைக்குப் புரியாத விஷயமில்லை.

இன்னொன்று உடம்பு. சீனாவின் ‘உஸி’ லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்றவர். 2020இல் ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 23. கைவலியோடு இரண்டாம் வகை நீரிழிவும் சேர்ந்துகொண்டது. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு குறைவு. அதனால்தான் சொல்கிறேன், பூப்பந்தை விடவே கூடாது. அவன் மின்விளையாட்டில் நன்றாக வர வேண்டும் என்று நினைத்தாலும் கூடாது. பள்ளி இணைப்பாட நடவடிக்கையில் இரண்டு வருடம் போட்ட உழைப்பை நடுவில் விடுவதும் புத்திசாலித்தனம் ஆகாது.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். பூட்டி வைத்தால் நண்பனின் கைப்பேசியில் ஆடுவான், உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் திருப்பித் தரும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தோற்றபின் என்ன செய்கிறான்? உடனே அடுத்த ஆட்டத்தை அழுத்துகிறானா, அல்லது தோற்ற ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் போட்டு எங்கே சறுக்கினோம் என்று பார்க்கிறானா? முதலாவது பொழுதுபோக்கு, கட்டுப்பாடு தேவை. இரண்டாவது பயிற்சி. அதற்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்: வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள், குழுவோடு சேர்ந்து, இரவு பத்து மணிக்குள். அதற்குமேல் ஆடினால் மறுநாள் பயிற்சி ரத்து. பூப்பந்துப் பயிற்றுநர் இதைவிடக் கண்டிப்பாக இருப்பார், அவனுக்கே தெரியும்.

தொழிலாக எடுப்பது பற்றி இப்போது பேச வேண்டாம். 18 வயதில் இரண்டு வருடத் தேசிய சேவை வரும். நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் போல ஒலிம்பிக்குக்காக ஒத்திவைப்புக் கிடைப்பது மிகமிகச் சிலருக்குத்தான். ஹாங்ஸோவில் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்வூவுக்கு வயது 44. நேரம் நிறைய இருக்கிறது.

உங்கள் கணவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் முழுக்கப் பார்க்கட்டும், நடுவில் எதுவும் சொல்லாமல். முடிந்ததும் “அந்தப் பூதத்தை ஏன் விட்டாய்?” என்று கேட்கட்டும். கேரம் பலகையில் குறி பார்த்துப் பழகிய மனிதர், கேள்வி சரியாகத்தான் வரும். அப்புறம் மகனையும் புளோக்குக்குக் கீழே கேரம் ஆட அழைத்துப் போகட்டும்.