விடியற்காலைக் கனவு பலிக்குமா?

அப்பா இறந்துபோன மாதிரி விடியற்காலையில் கனவு வந்தது, அந்த நேரத்துக் கனவு பலிக்கும் என்கிறார்களே, ஊருக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வரவா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போய்வாருங்கள், அதற்குக் கனவு எதற்கு? பயந்துகொண்டு போக வேண்டாம், அவ்வளவுதான்.

எங்கள் ஆச்சியிடம் கேட்டிருந்தால் "செத்த மாதிரி கண்டா ஆயுசு கெட்டி" என்று ஒரே வரியில் முடித்திருப்பார். அவர் கணக்கில் கல்யாணக் கனவுதான் ஆகாது. பாம்பு கடித்தால் பிடித்த தோஷம் விட்டது, யானை துரத்தினால் பிள்ளையாருக்கு ஏதோ வேண்டுதல் பாக்கி. கெட்ட கனவு கண்ட அன்று யாரிடமும் வாயைத் திறக்காமல் நேரே தொழுவத்துக்குப் போய் மாட்டின் காதில் சொல்லிவிட்டு, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டுதான் காபி குடிக்க வருவார். (மாட்டை விற்ற பிறகு துளசிச் செடிக்கு அந்த வேலை வந்தது.) பலன்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் பயத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வைத்திருந்தார் பாருங்கள், அது பிடிக்கும்.

சரி, ஏன் விடியற்காலை? தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. சுற்றின் கடைசியில் மூடிய இமைக்குள் கண் வேகமாக உருளும் ஒரு கட்டம் வரும், ஆர்.இ.எம். தூக்கம் என்பார்கள், 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதிய கட்டுரையில் வெளிவந்தது. கதை மாதிரி நீளும் கனவுகள் பெரும்பாலும் இதில்தான். முன்னிரவில் சில நிமிடங்களே இருக்கும் இந்தக் கட்டம், விடியும் நேரத்தில் அரை மணி வரைக்கும்கூடப் போகும், அப்போது அலாரமோ பால்காரரோ எழுப்பிவிட்டால் கனவு முழுசாக மனதில் நிற்கும். நினைவில் நிற்பதே அந்த நேரத்துக் கனவு என்றால், எப்போதாவது பலித்த மாதிரி தெரிவதும் அதுவாகத்தானே இருக்கும்? பலிக்காமல் போனதற்கு யார் கணக்கு வைத்தார்கள்!

வயதான அப்பா தூரத்தில் இருக்கிறார், பகலெல்லாம் அந்தக் கவலை ஓடுகிறது, ராத்திரி அதுவே படமாக வருகிறது. இதற்கு மேல் இதில் அர்த்தம் தேட ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

அதே கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால் ஒன்று செய்து பாருங்கள். பகலில் அதை எழுதி, முடிவை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி (அப்பா எழுந்து உட்கார்ந்து "சாப்பிட்டியா" என்று கேட்கிறார் என்று வையுங்கள்), தினம் ஒரு பத்து நிமிடம் கண்ணை மூடி அந்தப் புதுக் கதையை ஓட்டிப் பாருங்கள். மனநல மருத்துவர்களே சொல்லிக்கொடுக்கும் முறைதான் இது, பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா என்றும் யோசியுங்கள், ரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கிற ப்ரொப்ரனோலால் சிலருக்குக் கெட்ட கனவைக் கிளப்பும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

அப்புறம், ஊருக்குப் போனால் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அப்பா தூக்கத்தில் கத்துகிறாரா, கையைக் காலை வீசி அடிக்கிறாரா? கனவு காணும்போது உடம்பு அசையாமல் கட்டுண்டு கிடக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் அந்தக் கட்டு அவிழ்ந்தால், சிலருக்குப் பல வருஷம் கழித்து வரப்போகிற பார்க்கின்சன் நோயின் (கை நடுங்கி, நடை மெதுவாகிப்போகும் நரம்பு நோய்) முன் அடையாளமாக இருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.