யோனாவின் கதை கீழ்ப்படிதலையும் இரக்கத்தையும் பற்றி என்ன கற்றுத்தருகிறது?

கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "மனசே இல்லாமல் செய்தாலும் அது கீழ்ப்படிதலில் சேருமா?" அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்கு நல்லது செய்யச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள், உங்களுக்கு வயிறு எரிகிறது. என் ஊகம் தப்பென்றால் மன்னிக்கவும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போதகர் இல்லை. அரசு பஸ்ஸில் 31 வருஷம் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதிலிருந்து கோயிலில் (சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம்) யோனா பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன், அவ்வளவுதான் தகுதி. "மீன் வயிற்றில் மூன்று நாள் மனுஷன் உயிரோடு இருப்பானா" என்று கமெண்டில் சண்டைக்கு வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போங்கள். பைபிளில் யோனா என்ற தீர்க்கதரிசியின் புத்தகம் நாலு அதிகாரம், 48 வசனம். அதில் மீன் வருவது மூன்றே வசனத்தில். சண்டே ஸ்கூலில் படம் வரைந்து ஒட்டுவதற்கு மீன் வசதி என்பதால் நாலாம் அதிகாரத்தை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. கதையே அங்கேதான் இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்கு: நினிவேக்குப் போய் அந்த நகரம் அழியப்போகிறது என்று சொல் என்று யோனாவுக்குக் கட்டளை வருகிறது. நினிவே கிழக்கே, இன்றைய ஈராக்கில் மோசூல் பக்கம். யோனா யோப்பா துறைமுகத்துக்கு இறங்கிப்போய் மேற்கே தர்ஷீசுக்குக் கப்பல் ஏறிவிடுகிறான். தர்ஷீசு ஸ்பெயின் பக்கம் என்று பலரும் சொல்கிறார்கள். புயல் அடிக்கிறது, கடலில் தூக்கிப் போடுகிறார்கள், மீன் விழுங்கிக் கரையில் கக்குகிறது. இரண்டாம் தரம் கட்டளை வர, போய்ச் சொல்கிறான். நினிவேயின் ராஜா உட்பட எல்லாரும் இரட்டு (சாக்குத்துணி) உடுத்தி மனம் திரும்புகிறார்கள். கடவுள் தண்டனையை விட்டுவிடுகிறார். யோனாவுக்குக் கடுங்கோபம்.

பயந்து ஓடினான் என்றுதான் பாதிப் பிரசங்கத்தில் சொல்வார்கள். ஆனால் ஏன் ஓடினேன் என்பதை அவனே நாலாம் அதிகாரத்தில் சொல்கிறான்: நீர் இரக்கமுள்ளவர், கடைசியில் இவர்களை விட்டுவிடுவீர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடினேன். அவனையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. நினிவே அசீரியருடைய ஊர். லண்டன் அருங்காட்சியகத்தில் லாகீஸ் முற்றுகைச் சிற்பங்கள் என்று இருக்கின்றன, நினிவே அரண்மனைச் சுவரிலிருந்து எடுத்தவை. பிடிபட்டவர்களைத் தோல் உரிப்பதையும் கழுவில் ஏற்றுவதையும் அசீரிய ராஜா தன் வீட்டுச் சுவரிலேயே செதுக்கி வைத்திருக்கிறான். அது யோனா காலத்துக்குப் பிந்தியதுதான், கி.மு. 701 சண்டை. ஆனால் பழக்கம் பழையது. யோனாவின் சொந்த நாடான வட இஸ்ரவேலை கி.மு. 722 வாக்கில் அழித்ததும் இவர்களே.

இப்போது என் கதை. 2004-இல் ஒரு செக்கர் (டிக்கெட் பரிசோதகர்) என் வண்டியில் ஏறினார். கூட்டம். பின்வாசல் பக்கம் ஒரு பாட்டியும் பேரனும், அப்போதுதான் ஏறினார்கள். நான் முன்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வருகிறேன், ஸ்டேஜ் (ஒரு கட்டண நிறுத்தத்திலிருந்து அடுத்தது வரை உள்ள தூரம்) இன்னும் முடியவில்லை. "சார், ஸ்டேஜ் முடியல சார்" என்று மூன்று தடவை சொன்னேன். முகத்தையே பார்க்காமல், அவர்களுக்கு டிக்கெட் போடவில்லை என்று என்மேல் கேஸ் எழுதினார். ஆறு மாச இன்கிரிமென்ட் கட், அதுவும் கியூமுலேட்டிவ் எஃபெக்டோடு. வெளியில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது. ஆறு மாசத்தோடு முடிகிற சங்கதி இல்லை அது. பென்ஷன் வரைக்கும் அந்தக் குறைவு கூடவே வரும். இன்று காலை பேங்கில் பாஸ்புக் பதிந்தேனே, அதிலும் அந்தப் பாட்டியின் டிக்கெட் இருக்கிறது.

(எல்லாச் செக்கரும் அப்படி என்று சொல்லவில்லை. நல்லவர்களைப் பார்த்திருக்கிறேன். திருடிய கண்டக்டர்களையும் பார்த்திருக்கிறேன்.)

இரண்டு வருஷம் கழித்து அந்த மனுஷன் மாட்டினார். கேஸ் எழுதாமல் இருக்க ஒரு கண்டக்டரிடம் பணம் வாங்கியிருக்கிறார். உண்மையாகவே வாங்கினார், ஜோடித்த கேஸ் இல்லை. டிப்போவே சிரித்தது. நான் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், மறைக்கவில்லை. விசாரணையில் அவர் ஒரு பேச்சும் பேசாமல் ஒப்புக்கொண்டுவிட்டார். வேலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்போதுதான் எங்கள் சங்கத்துச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். சாமி கும்பிடாத தோழர், கோயில் வாசலையே மிதிக்காதவர். "அவருக்காக விசாரணையில நீ உட்காரணும்" என்றார்.

விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் துணையாகச் சக தொழிலாளி ஒருவர் உட்கார்ந்து பேசலாம். அதற்கு நானா?

"உன்னைத்தான அவரு அநியாயமா எழுதினாரு? நீ வந்து 'வேலையை எடுக்காதீங்க'ன்னு சொன்னா ஆபீசர் நின்னு கேப்பாரு. நான் சொன்னா வழக்கமான பாட்டுன்னுட்டுப் போயிருவாரு."

சரி தோழர் என்றேன். மறுநாள் விடியற்காலை லீவ் லெட்டரை நண்பன் கையில் கொடுத்துவிட்டு மதுரையில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினேன். இதைத்தான் சொல்ல வந்தேன்: பாஸ் என் சட்டைப் பையில் இருந்தது. காட்டினால் "அண்ணே எந்த டிப்போ, என்ன விசேஷம்" என்று பேச்சு வளரும். அதனால் பாஸை வைத்துக்கொண்டே காசு கொடுத்து டிக்கெட் எடுத்தேன். சர்வீஸில் சேர்ந்த பிறகு அரசு பஸ்ஸில் நான் காசு கொடுத்த ஒரே தடவை அது.

யோனா ஒன்றாம் அதிகாரம் மூன்றாம் வசனத்தில் "கூலி கொடுத்து" என்று ஒரு வார்த்தை வரும். அதற்கு முன்னால் நூறு தடவை வாசித்திருப்பேன், கண்ணில் பட்டதே இல்லை. கடவுள் அனுப்பிய ஊருக்குப் போக எவ்வளவு செலவானது என்று எழுதவில்லை. ஓடிப்போனவன் மட்டும் கைக்காசைப் போட்டிருக்கிறான். கப்பல் முழுவதற்குமே அவன் வாடகை கொடுத்தான் என்று யூதர்களின் தல்மூதில் ஒரு ரபி சொல்கிறார். அதாவது ஸ்பெஷல் டிரிப்!

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. காலையில் முதல் டிரிப்பில் ஏழு ரூபாய் டிக்கெட்டுக்கு ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு, சில்லறை இல்லை என்றால் கண்டக்டரைத் திருடன் மாதிரி பார்ப்பவர்களே, உங்கள் வீட்டு உண்டியலிலிருந்து பத்து ரூபாய் எடுத்து வர உங்களுக்கு என்ன கஷ்டம்? கண்டக்டர் கையில் பேங்கா வைத்திருக்கிறான்? கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். முப்பத்தொரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், இங்கேயாவது சொல்கிறேன்.

அக்கா வீட்டில் என்னை எந்த மீனும் விழுங்கவில்லை. அக்காதான் இருந்தாள். "ஏல, லீவு நாளும் இல்ல, விசேஷமும் இல்ல, எதுக்குல வந்த?" என்றாள். மறைக்கத் தெரியவில்லை, சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கல்லிலேயே வைத்துவிட்டு, "அவருக்கு எத்தன பிள்ளைய?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். "தெரியாமத்தான் சந்தோசப்பட்டியாக்கும்" என்றாள். தோசை கருகிவிட்டது. அதையே என் தட்டில் போட்டாள்.

ராத்திரி வண்டியில் திரும்பினேன். விசாரணை அதிகாரி வராததால் வாய்தா போட்டிருந்தார்கள். தோழர் என்னை எங்கே போனாய் என்று கேட்கவில்லை. "வர்ற வியாழக்கிழமை பத்து மணி" என்றார். இரண்டாம் தரம்.

போனேன். மனம் மாறிப் போனேன் என்று நினைக்காதீர்கள், எரிச்சலோடுதான் போனேன். யோனா நினிவேயில் பேசியது எபிரெயத்தில் ஐந்தே வார்த்தை என்கிறார்கள். தமிழில் "இன்னும் நாற்பதுநாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்". மனம் திரும்புங்கள் என்றோ கடவுள் மன்னிப்பார் என்றோ ஒரு சொல் கிடையாது. வேண்டா வெறுப்பாகச் செய்கிறவன் அப்படித்தான் பேசுவான். நானும் அப்படியேதான். "22 வருஷ சர்வீஸ். ஒப்புக்கொண்டார். பணத்தைக் கட்டிவிட்டார். வேலையை எடுக்க வேண்டாம்." அதற்குமேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. உள்ளுக்குள் வேலை போகட்டும் என்றுதான் இருந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். சேரும். யோனாவின் மனம் மாறியது என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் எழுதவில்லை. ஆனாலும் ஊர் பிழைத்தது. நான் அரை மனசாகச் சொன்ன நாலு வரியும் எடுபட்டது. மூன்று இன்கிரிமென்ட் கட்டோடு விட்டார்கள். வேலை தப்பியது. மனசு சரியாகட்டும், அப்புறம் செய்கிறேன் என்று காத்திருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. இது உபதேசப்படி சரியா என்று எங்கள் சபைப் போதகர்கள் சொல்லட்டும், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆர்டர் வந்த அன்று டிப்போவுக்கு எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்றால், அழுதுகொண்டு வருவார், பார்க்கலாம் என்றுதான். யோனாவும் நகரத்துக்குக் கிழக்கே குடிசை போட்டு என்ன நடக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தான் அல்லவா. அவனுக்கு நிழலாகக் கடவுள் ஒரு ஆமணக்குச் செடியை முளைக்க வைக்கிறார், மறுநாள் புழு அரித்து அது பட்டுப்போகிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, செத்தால் நல்லது என்கிறான். "நீ எரிச்சலாயிருக்கிறது நல்லதோ" என்று கேட்டால், மரணபரியந்தமும் எரிச்சலாயிருப்பது நல்லதுதான் என்கிறான். கடவுளிடமே!

அந்தச் செடிக்காக வேறொரு சண்டையும் நடந்தது. ஜெரோம் என்ற பழங்காலத் துறவி பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்தபோது பழைய மொழிபெயர்ப்பில் சுரை என்றிருந்ததை வேறு கொடியாக மாற்றிவிட்டார். வட ஆப்பிரிக்காவில் ஓயா என்ற ஊர்க் கோயிலில் அதை வாசித்ததும் ஜனங்கள் கூச்சல் போட்டு, ஆயரே மாற்றி வாசிக்கவேண்டி வந்ததாக, அந்தப் பக்கத்து இன்னொரு ஆயரான அகுஸ்தீன் ஜெரோமுக்கே கடிதம் எழுதியிருக்கிறார். கதையிலோ, ஒரு செடிக்காக நீ பரிதாபப்படுகிறாயே, நினிவேயில் வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள், மிருகங்களும் இருக்கின்றன, நான் பரிதாபப்படக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். கோயிலில் செடியின் பெயருக்குச் சண்டை. நான் சிரிக்க முடியாது. எனக்கும் ஒரு பாட்டியின் டிக்கெட் இருந்தது.

கடவுளின் அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவில்லை.

செக்கர் வெளியே வந்தார். அழவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பவும் இல்லை. எதிர்க் கடையில் கால் கிலோ மிக்சர் கட்டி வாங்கிக்கொண்டு சைக்கிளில் போய்விட்டார். எனக்கு ஒரு நன்றி கூட இல்லை. அதுதான் எனக்கு வருஷக்கணக்காக ஆறவில்லை, மறைப்பானேன்.

மூன்று மாசம் கழித்து பாளையங்கோட்டையில் என் வண்டியில் ஏறினார். வழக்கம்போல் பையை வாங்கி எண்ணினார். கணக்குக்கு மேல் மூன்று ரூபாய் இருந்தது. குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம், அது எங்கள் தொழில். எழுதினார். எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் பதில் சொல்லவில்லை. விசில் ஊதினேன், வண்டி கிளம்பிவிட்டது.