பெங்களூருவில் பாத்ரூம் டைலை நாமே ஒட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மதுரையிலிருந்து பெங்களூரு வந்து எட்டு மாதம் ஆகிறது. கே.ஆர்.புரம் பக்கம் பழைய ஃபிளாட் வாங்கியிருக்கிறீர்கள். பாத்ரூமுக்கு நாலுக்கு இரண்டு அடி டைல் போட ஆசை. மேஸ்திரி சொன்ன கூலியைக் கேட்டுத் தலை சுற்றியதால், நாமே ஒட்டினால் என்ன என்கிறீர்கள். நான் இந்த ஊருக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. போன வருஷம் இதே வேலையை நானே செய்தேன். சுவர் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தரை வேண்டாம்.

ஊரில் நமக்கென்று ஒரு கொத்தனார் இருப்பார். அப்பா வீட்டைக் கட்டியவரே மகன் வீட்டுக்கும் வருவார். கோணலாகப் போனால் டீக்கடையில் பிடித்துக் கேட்கலாம். இங்கே டைல் ஒட்ட வருகிறவர் ராஜஸ்தான்காரராகவோ ஒடிசாக்காரராகவோ இருப்பார், அடுத்த மாதம் வேறு சைட்டுக்குப் போய்விடுவார். நல்ல கைதான், ஆனால் ஒற்றை பாத்ரூமுக்காக வர அவருக்குக் கட்டுப்படியாகாது. பெரிய டைல் உடைந்தால் யார் தலையில் விடியும் என்ற பயமும் அந்தக் கூலிக்குள் இருக்கிறது.

நான் ஒட்டிய முதல் டைல் இரண்டாம் நாள் ராத்திரி விழுந்தது. சத்தத்தில் வீட்டம்மா எழுந்து சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்தாள். துண்டுகளைத் திருப்பிப் பார்த்தேன். சுவரில் வரட்டி தட்டுகிற மாதிரி ஐந்து இடத்தில் பசை வைத்திருந்தேன். ஐந்தும் சுவரில் பத்திரமாக இருந்தன, டைல் மட்டும் சுத்தமாகக் கழன்று வந்திருந்தது. அதன் முதுகில் விரலை இழுத்தால் திருநீறு மாதிரி வெள்ளைப் பொடி. சூளையில் உருளைகளோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஃபேக்டரியில் பூசுவது அது. குஜராத் மோர்பியிலிருந்து வரும் விட்ரிஃபைட் டைல், அதாவது கண்ணாடி மாதிரி இறுகச் சுட்ட டைல், எதை எடுத்தாலும் முதலில் முதுகை ஈர பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காயவிட்டு, அப்புறம் பசையைத் தொடுங்கள்.

சிமென்ட் பாலில் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விட்ரிஃபைட் டைல் அரை சதவீதத் தண்ணீர்கூடக் குடிக்காது, சிமென்ட் அதைப் பிடிக்க வழியில்லை. டைலுக்கென்றே பையில் வரும் பசை, டைல் அட்ஹெசிவ்தான் வேண்டும். பையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா, சுவரில் பெரிய விட்ரிஃபைட் டைலுக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 20 கிலோ பை ஐம்பது சதுர அடிக்கு வரும் என்பார்கள். எனக்கு முப்பதைத் தாண்டவில்லை.

உண்மையில் கஷ்டம் டைலில் இல்லை, சுவரில் இருக்கிறது. நாலு அடி டைல் வளையாது. பழைய ஃபிளாட் சுவருக்கோ கட்டாயம் ஒரு தொந்தி இருக்கும். ஆறடி அலுமினியப் பட்டையைச் சுவரில் நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்துப் பாருங்கள். இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தெரிந்தால் கொத்தியோ பூசியோ சமமாக்காமல் மேலே போகாதீர்கள். எனக்கு இதற்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. பெயின்ட், பட்டி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். உள்ளே ஓடும் பைப்புகளை, பக்கத்தில் டேப்பை வைத்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாடி டிரில் போடும்போது அந்தப் போட்டோதான் காப்பாற்றும்.

தரையிலிருந்து ஒட்ட ஆரம்பிக்காதீர்கள். இரண்டாவது வரிசை எங்கே வருமோ அங்கே ரசமட்டம் பார்த்துப் பட்டையை ஆணியடித்து நிறுத்தி, அதன்மேல் டைலை உட்கார வையுங்கள். கீழ் வரிசையைக் கடைசியில் வெட்டிப் போடலாம். விளிம்பில் பத்து மில்லிமீட்டர் பல் வெட்டிய கரண்டியால் பசையை ஒரே திசையில், டைலின் குட்டைப் பக்கமாக இழுங்கள். வட்டமாகச் சுழற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். டைல் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு தேய்க்க வேண்டும். மார்ச், ஏப்ரல் காற்றில் பசை சீக்கிரம் தோல் கட்டிவிடும். விரலால் தொட்டுப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக இழுங்கள். முதல் டைலை ஒட்டியதும் ஒருமுறை கழற்றி, முதுகு முழுக்கப் பசை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டைல் 15 கிலோ வரும், தனியாகத் தூக்காதீர்கள். குழாய்க்கு ஓட்டை வட்டமாகத்தான் போட வேண்டும். கிரைண்டரால் சதுரமாக வெட்டினால் அந்த மூலையிலிருந்து விரிசல் கிளம்பும். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் வெட்டவே வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம்.

தரை ஏன் வேண்டாம் என்கிறேன்? வாட்டம். நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வெளியேறும் ஜாலி மூடிக்கு ஓட வேண்டும். பெரிய டைல் நாலு பக்கம் சரியாது, வழுக்காத சின்ன ஆன்டி ஸ்கிட் டைல்தான் சரிப்படும். அதற்குக் கீழே வாட்டர்புரூஃபிங் இருக்கிறது. பூசிய பிறகு இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துச் சோதிக்க வேண்டும். அதில் பிசகினால் கீழ் வீட்டுக்காரர் கூரை ஒழுகும், அப்புறம் லிஃப்டில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. அதற்கு மட்டும் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். கன்னட மேஸ்திரி வந்தாலும் கவலையில்லை, அவருக்கும் மட்டம் ‘மட்ட’தான்.

உங்கள் பக்கம் போர்வெல், டேங்கர் தண்ணீர்தானே? டைல் இடுக்கில் நிரப்பும் சாதா கிரவுட் கொஞ்ச நாளில் உப்பு பூத்து அழுக்காகும். எபாக்ஸி கிரவுட் போடுங்கள். விலை அதிகம், காய்வதற்குள் துடைத்துவிடவும் வேண்டும்.

வெட்டுகிற சத்தத்துக்கு அசோசியேஷன் எந்த நேரம் அனுமதிக்கிறது என்று முதலில் கேளுங்கள். எங்கள் அபார்ட்மென்டில் ஞாயிறு மத்தியானம் கிரைண்டரைத் தொட்டால் செக்யூரிட்டி வாசலில் வந்து நிற்பார். சாமான்களுக்கு ஹார்டுவேர் கடைகள் இருக்கும் எஸ்.ஜே.பி. ரோடு போய் வாருங்கள். பெரிய கட்டரை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். டைல் தூக்கும் சக்‌ஷன் கப் என்னிடம் ஒரு ஜோடி சும்மா கிடக்கிறது. சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.