சொந்தத் தொழிலை விட்டுவிட்டு வேலைக்கு வருவதை நேர்காணலில் எப்படிச் சொல்வது?

கேட்பவர் மனதில் இருக்கும் பயம் இரண்டுதான்: கொஞ்ச நாளில் மறுபடி தொழிலுக்கே ஓடிவிடுவீர்களோ, மேலாளர் சொல்வதைக் கேட்டு வேலை செய்வீர்களோ மாட்டீர்களோ. உங்கள் பதில் அந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டும். தொழில் நஷ்டத்தில் போயிருந்தால் மறைக்க வேண்டாம், ஒரே வரியில் சொல்லிவிட்டு இந்த வேலை ஏன் வேண்டும் என்பதற்கு வந்துவிடுங்கள்.

தனியாக வெப்சைட் செய்து கொடுத்தவர் என்று வைத்துக்கொள்வோம். "ஆர்டர் பிடிப்பது, பில் போடுவது, பாக்கி வசூலிப்பது என்று பாதி நேரம் போய்விடுகிறது, எனக்குப் பிடித்தது கோடிங், அதை ஒரு குழுவோடு சேர்ந்து ஒரே தயாரிப்பில் நீண்ட காலம் செய்ய விரும்புகிறேன்" என்று சொல்லலாம். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவீர்கள்.

ரெஸ்யூமேயில் வெறுமனே 'நிறுவனர்' என்று போடுவதைவிட, செய்த வேலையை எழுதுவதே மேல். பரிந்துரைக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் முன்பே கேட்டு வையுங்கள். அப்புறம், கையில் இன்னும் வேலை பாக்கி இருந்தால் எப்போது முடியும் என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கும்.