சென்னைக்கு வெளியே எம்பிபிஎஸ் படித்தால் தரம் குறையுமா?

மகளுக்குச் சென்னை அரசுக் கல்லூரிகள் கிடைக்காது, திருநெல்வேலியோ விருதுநகரோதான் கிடைக்கும் போலிருக்கிறது, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். நான் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் படித்தவன்.

பட்டத்தைப் பற்றிய கவலையை முதலில் விடுங்கள். சென்னையானாலும் நெல்லையானாலும் விருதுநகரானாலும் தேர்வு நடத்திப் பட்டம் தருவது கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். அப்புறம் பிஜி, அதாவது மேற்படிப்பு இடத்துக்கு நீட் பிஜி தேர்வு ரேங்க்தான் பேசும்.

மருத்துவம் பிடிபடுவது வார்டில். 1965ல் தொடங்கிய கல்லூரி எங்களுடையது. அதன் ஆஸ்பத்திரியான பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் பக்கமிருந்தெல்லாம் கேஸ் வந்துகொண்டே இருக்கும். வயலில் பாம்பு கடித்து ஒருவர் வந்தால், கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைப்போம். கண்ணாடிதான் வேண்டும், பிளாஸ்டிக்கில் ரத்தம் சரியாக உறையாது, முடிவு தப்பாகிவிடும். பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் விஷம் ஏறிவிட்டது, விஷமுறிவு மருந்தை உடனே ஏற்ற வேண்டும். உறைந்துவிட்டது என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. நாகமோ கட்டுவிரியனோ கடித்திருந்தால் ரத்தம் ஒழுங்காக உறையும், ஆனால் இமை சொருகும், மூச்சு திணறும். அதனால் அந்த 20 நிமிடமும் முகத்தைப் பார்த்தபடி கட்டில் பக்கத்திலேயே நிற்கப் பழக்கினார்கள். இதைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் கைக்கு வராது.

விருதுநகர் 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசுக் கல்லூரிகளில் ஒன்று. புதிய கல்லூரிகளில் பிஜி மாணவர்கள் குறைவாக இருப்பார்கள். அதனால் தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது போன்ற வேலைகள் ஹவுஸ் சர்ஜன்கள் (படிப்பின் கடைசியில் பயிற்சி பெறுபவர்கள்) கைக்கு அதிகம் வரும். ஆனால் இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற சிறப்புப் பிரிவுகள் நன்றாக வேரூன்றக் காலம் பிடிக்கும். சிக்கலான நோயாளிகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டால், அவர்களுக்கு அடுத்து என்ன செய்தார்கள் என்று மாணவர் பார்க்க முடியாது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

முடிந்தால் ஒரு வேலை நாளில் இரண்டு ஊருக்கும் போய் வாருங்கள். ஓபியில் கூட்டம் எப்படி என்று பாருங்கள். ஹாஸ்டல் வாசலில் கடைசி வருட மாணவர்கள் யாராவது கிடைத்தால், கிளினிக்ஸ் (வார்டு வகுப்பு) ஒழுங்காக நடக்கிறதா, பேராசிரியர் நோயாளியின் பக்கத்தில் நின்று பாடம் எடுக்கிறாரா என்று கேளுங்கள். ஒளிக்காமல் சொல்வார்கள்.

கலந்தாய்வில் திருநெல்வேலியை மேலேயும் விருதுநகரை அடுத்தும் போடுங்கள். சென்னையிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.