கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் உங்களால் மறக்க முடியாத பாத்திரம் எது, ஏன்?

நியோப்டாலமஸ். சோபக்ளிஸின் ‘பிலோக்டீட்டஸ்’ நாடகத்தில் வரும் இளைஞன். ஈடிபஸ், ஆன்டிகனி, மெடியா எல்லோரையும் விட்டுவிட்டு இவனைச் சொல்ல என் வீட்டுக் காரணம் ஒன்று உண்டு.

முதலில் கதை. டிராய் நகரத்தின் மேல் போருக்குக் கப்பலேறிய கிரேக்கர்களில் பிலோக்டீட்டஸும் ஒருவன். மாவீரன் ஹெராக்ளிஸின் வில் இவனிடம்தான் இருக்கிறது. வழியில் பாம்பு கடித்துக் காலில் புண். ஆறவில்லை. சீழ், நாற்றம், ராத்திரி பகல் பாராத அலறல். இவன் இருந்தால் தெய்வத்துக்குப் பலி கொடுக்கக்கூட முடியவில்லை என்று, அவன் தூங்கும்போது லெம்னோஸ் தீவில் விட்டுவிட்டுப் படை போய்விடுகிறது. அந்தக் காரியத்தை முடித்துக் கொடுத்தவன், கிரேக்கத் தலைவர்களில் ஒருவனான ஒடிசியஸ். பத்தாம் வருடம், அந்த வில் வராமல் டிராய் விழாது என்று குறி சொல்கிறார்கள். அதே ஒடிசியஸ் திரும்ப வருகிறான். தன்னைக் கண்டால் அம்பு பாயும் என்பதால் போரில் செத்துப்போன வீரன் அகிலிஸின் மகன் நியோப்டாலமஸை முன்னால் அனுப்புகிறான். ‘என் அப்பாவின் ஆயுதங்களைத் தராமல் என்னையும் ஏமாற்றிவிட்டார்கள், கோபித்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன்’ என்று சொல்லி நம்ப வைக்க வேண்டும். இதுதான் திட்டம்.

பையனுக்கு மனசு ஒப்பவில்லை. பொய்யால் ஜெயிப்பதைவிட நேர்வழியில் தோற்கலாம் என்கிறான். டிராயை வென்ற பெயர் கிடைக்கும் என்றதும் இறங்கிவிடுகிறான். இந்தச் சறுக்கல்தான் அவனை எனக்கு நெருக்கமாக்கியது.

ஆள் வருவதற்கு முன் குகையைப் பார்க்கிறான். ஆள் படுத்து நசுங்கிய இலைப் படுக்கை, கையால் குடைந்த மரக் குவளை, வெயிலில் காயும் சீழ்க்கறைத் துணிகள். அந்தத் துணிகள் வந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை. கடைசி இரண்டு வருடம் குதிகாலில் ஆறாத புண். கட்டுத்துணியை அம்மா வெந்நீரில் அலசிக் கொல்லைக் கொடியில் காயப்போடுவார். வாடை வருகிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. காற்றோட்டமாக இருக்கும் என்று சொல்லிக் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றினோம். கால்மாட்டைப் பிடித்துத் தூக்கியவன் நான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அந்நியர்களைக் கண்ட பிலோக்டீட்டஸ் முதலில் கெஞ்சுவது ஒன்றுதான்: பேசுங்கள், உங்கள் குரலைக் கேட்க வேண்டும். கிரேக்கம் காதில் விழுந்ததும் உருகிப்போகிறான். யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்கிறான். நல்லவர்கள் செத்திருக்கிறார்கள், மற்றவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு வலி வருகிறது. உலக நாடகத்தில் உடல்வலியை இப்படி மேடையேற்றிய காட்சியை நான் வேறெங்கும் படித்ததில்லை. மூலத்தில் அங்கே வார்த்தையே இல்லை; ‘பபாய், அபப்பபாய், பபா பபா’ என்று வரி முழுக்க ஓலம். நம் காதுக்கு ‘அப்பப்பா’ என்றே விழுகிறது. காலை வெட்டிப் போடு என்று கதறுகிறான். மயங்கிவிடுவோம் என்று தெரிந்து வில்லைப் பையன் கையிலேயே கொடுக்கிறான். போய்விடாதே, சத்தியம் வேண்டாம், கையைக் கொடு என்கிறான். புண் கழுவும்போது அப்பாவும் என் மணிக்கட்டைத்தான் பிடித்துக்கொள்வார்.

தூங்கிவிட்டான். வில் கையில் இருக்கிறது. கிளம்பலாம் என்கிறார்கள் கூட வந்தவர்கள். பையன் நகரவில்லை. கண்விழித்தவன், நாற்றத்தையும் அலறலையும் பொறுத்துக்கொண்டு இவன் இன்னும் இருக்கிறானே என்று நன்றி சொல்லச் சொல்ல, இவனால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறான். ஆனாலும் வில்லை உடனே கொடுத்துவிடவில்லை. ஒடிசியஸோடு போய், பாதி வழியில் சண்டை போட்டுத் திரும்பி வந்து கொடுக்கிறான்.

ஒடிசியஸைக் கெட்டவன் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. படை ஜெயிக்க வேண்டும், அதற்கு என்ன வேண்டுமோ அதைச் செய்கிறான். அழுகையும் சீழும் அவனுக்குக் கணக்கில் வராது, அவ்வளவுதான். கி.மு. 409இல், ஸ்பார்ட்டாவோடு நீண்ட போரில் சிக்கியிருந்த ஏதென்ஸ் மக்கள் இதைப் பார்த்து முதல் பரிசு கொடுத்தார்கள். சோபக்ளிஸுக்கு அப்போது எண்பத்தைந்து தாண்டியிருந்தது. மற்ற இரு பெரிய துன்பியல் நாடகாசிரியர்களான எஸ்கிலஸும் யூரிப்பிடிஸும் இதே கதையை நாடகமாக்கியிருந்தார்கள். அவற்றில் லெம்னோஸ்வாசிகள் கோரஸாக, அதாவது மேடைப் பாடற்குழுவாக, வந்தார்கள். தீவை ஆளில்லாக் காடாக்கியவர் சோபக்ளிஸ்.

டிராய்க்கு வந்தால் புண் ஆறும் என்று பையன் மன்றாடுகிறான். அவன் மறுக்கிறான். சரி, உன் வீட்டுக்கே கூட்டிப்போகிறேன் என்று பையன் கிளம்புகிறான். போரும் பெயரும் போனால் போகட்டும். எனக்கு நாடகம் அங்கேயே முடிந்துவிட்டது. பிறகு ஹெராக்ளிஸ் தெய்வமாகத் தோன்றி, டிராய்க்கே போகச் சொல்கிறார்.

புறப்படும்போது பிலோக்டீட்டஸ், தன்னோடு கண்விழித்துக் காவலிருந்த குகையிடம் விடைபெறுகிறான். ஊற்றுகளிடமும், தன் அலறலுக்கு எதிரொலி கொடுத்த மலையிடமும்.