ராட்வீலர் மீட்புக் குழு: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

எட்டு வருடமாக நாகர்கோவில் பக்கத்தில், கைவிட்ட ராட்வீலர் நாய்களை எடுத்துத் தேற்றி வேறு வீடு பார்த்துக் கொடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்து கேட்காதீர்கள். கேட்டவர்களின் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தக்கலை: அண்ணா, நாங்கள் நாலு நண்பர்கள். ராட்வீலருக்கென்று மீட்புக் குழு தொடங்க ஆசை. முதலில் பதிவு செய்யணுமா?

பதிவு கிடக்கட்டும் தம்பி. சங்கம் என்றால் 1975 சட்டப்படி ஏழு பேராவது வேண்டும், நீங்கள் நாலு பேர். டிரஸ்ட் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடிந்துவிடும். முதலில் எண்ண வேண்டியது வீடுகளை. ஆண் நாய் 50 கிலோவுக்கு மேல் போகும், புதிதாக வந்த இரண்டு ஆண் நாய்களை ஒரே வளவுக்குள் விட்டால் விடிவதற்குள் ஒன்றுக்குத் தையல் போட வேண்டிவரும். ஆக, நாலு வீடு, நாலு நாய். ஐந்தாவது போன் வரும்போது 'இடமில்லை' என்று சொல்லத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை, இரண்டாம் வருடம் ஒன்பது நாயோடு வாடகை வீட்டைக் காலி செய்தேன்.

என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு ஒரே கதை. மகன் லீவில் வந்து குட்டி வாங்குவான், லீவு முடிந்து கல்ஃபுக்குப் போய்விடுவான், நாய் வளர வளர அப்பா அம்மாவால் பிடிக்க முடியாமல் பின்பக்கம் பலா மரத்தில் கட்டிப்போடுவார்கள். ஒரு வருடம் அப்படிக் கிடந்த நாய் ஆளைக் கண்டால் பாயத்தானே செய்யும்? ஊரார் அதைப் பார்த்து 'இந்த ஜாதியே இப்படித்தான்' என்று முடித்துவிடுவார்கள்.

அப்புறம், நாயைத் தொடும் முன்னால் நாலு பேரும் வெறிநாய்க்கடிக்கு முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்: முதல் ஊசி, 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். கருத்தடை செய்யாமல் ஒரு நாயையும் கொடுக்காதீர்கள்.

குளச்சல்: குட்டி என்ன விலை?

விற்பதில்லை.

கருங்கல்: 2024இல் அரசாங்கம் தடை பண்ணிவிட்டதே, வீட்டில் வைத்திருந்தால் போலீஸ் வருமா?

அந்த வருடம் மார்ச் 12ஆம் தேதி மத்திய அரசு மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. ராட்வீலர், பிட்புல் உட்பட 23 இனங்களை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் நிறுத்தச் சொன்ன கடிதம். யாரையும் கலந்து பேசாமல் போட்டது என்று அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் ரத்து செய்துவிட்டன. லைசென்ஸ் விஷயம் அந்தந்த ஊருக்குத் தனி, மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ கேளுங்கள். ஆனால் அந்த ஒரு மாதத்தில் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டில் இறக்கிவிட்டவர்கள் இருக்கிறார்களே, 1960 மிருகவதைச் சட்டப்படி குற்றம் அதுதான்.

திங்கள்சந்தை: பெண் குட்டி கிடைக்குமா? சும்மா தந்தாலும் சரி.

மேலே பாருங்கள். பெண் நாய் சும்மா கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் குட்டி போடவைத்து விற்கத்தான் வருகிறார்கள். கருத்தடை என்று நான் கத்துவது அதனால்தான்.

குலசேகரம்: ரப்பர் தோட்டத்தில் ரப்பர் ஷீட் திருட்டு. ஒன்று தந்தால் காவலுக்குக் கட்டிப் போடுவேன்.

தர மாட்டேன்.

குலசேகரம்: காவல் நாயைக் காவலுக்குத் தராமல் தொட்டிலிலா போட்டு ஆட்டுவீர்கள்?

அது ஜெர்மனியில் ராட்வைல் என்ற ஊரில் மாடு ஓட்டி, கசாப்புக்காரர்களின் வண்டி இழுத்து, நாள் முழுக்க ஆளோடு நடந்த நாய். தனியாகக் கட்டிப்போட்டால் கெட்டுவிடும். விடியும் முன்னால் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்கு வருகிறவரைத்தான் முதலில் கடிக்கும். திருடன் சங்கிலியின் நீளத்தைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் வருவான்.

மார்த்தாண்டம்: அப்போ தப்பெல்லாம் சங்கிலி மேலேயா? சென்னை பார்க்கில் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்தது எந்தச் சங்கிலி?

நியாயமான கேள்வி. 2024 மே மாதம் நடந்தது, இரண்டு ராட்வீலர், கயிறும் இல்லை வாய்மூடியும் இல்லை. கடிக்கவே கடிக்காது என்று நான் எங்கே சொன்னேன்? இவ்வளவு கனமான நாய் கடித்தால் காயமும் அதற்குத் தக்கபடிதான். மீட்புக்காரர்களே 'சின்னப் பிள்ளை மாதிரி' என்று படம் போட்டுக் கொடுப்பது எனக்கு எரிச்சல். இரண்டு முறை குழந்தையைக் கடித்த ஒரு நாயை, ஏழு மாதம் பாடுபட்டும் முடியாமல், டாக்டர் கையால் ஊசி போட்டு முடித்தேன். இன்றும் அதற்காக என்னைத் திட்டுகிறவர்கள் உண்டு. அந்த நாயை வேறொரு வீட்டில் தள்ளியிருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

குலசேகரம்: கொல்ல மனசு வருகிறது, தோட்டத்துக்குத் தர மனசில்லை! சங்கிலியே வேண்டாம் ஓய், ஷெட்டில் வாட்ச்மேன் கூடப் படுக்கட்டும், நான் வேலி அடைத்துத் தருகிறேன். அப்போ?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. வாட்ச்மேனுக்கு நாய் பிடிக்குமா என்று அவரிடம் நானே கேட்க வேண்டும்.

இரணியல்: பழங்கஞ்சியும் மீன் தலையும் போடலாமா?

முள் எடுத்த வெந்த மீன் போடலாம். வெறும் கஞ்சியில் இவ்வளவு பெரிய உடம்பு நிற்காது. கருவாடு வேண்டாம், உப்பு.

ஆரல்வாய்மொழி: அண்ணா, குட்டி...

இல்லை. இல்லவே இல்லை. கருத்தடை செய்த வளர்ந்த நாய்தான் இருக்கிறது.

குலசேகரத்துக்காரரே, ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வருகிறேன். வேலியைச் சாவகாசமாகப் பார்ப்போம். பால்வெட்டுக்காரரை அந்தத் தலை லைட்டோடு நிற்கச் சொல்லுங்கள், நாய் முதலில் மோந்து பார்க்க வேண்டியது அவரைத்தான்.